உயர் அமுக்கமும் பள்ளத்தாக்கின் மூடியும்: சுவிஸ் குளிர்கால வானிலை அறிவிப்பை எப்படி வாசிப்பது?

“வங்காள விரிகுடாவில் தாழமுக்கம்” என்ற செய்தியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். வடக்கிலும் கிழக்கிலும் கார்த்திகை, மார்கழியில் அந்தச் சொல் வந்தால் மழை, வெள்ளம், சில வருடங்களில் புயல். அதனால் தாழமுக்கம் என்றால் ஆபத்து, உயர் அமுக்கம் என்றால் நல்ல காலநிலை என்ற கணக்கு எங்கள் மனதில் பதிந்துவிட்டது. சுவிட்சர்லாந்தின் பள்ளத்தாக்குகளில் குளிர்காலத்தில் இந்தக் கணக்குச் சரிவருவதில்லை. அங்கே உயர் அமுக்கம் வந்து உட்கார்ந்தால்தான் நாட்கணக்கில் வெயிலைக் காணமுடியாது, காற்றும் நகராது.

நான் ஆரே ஆற்றங்கரையில் உள்ள ஓல்டன் நகரில் வசிக்கிறேன். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 400 மீற்றர் உயரம். சுவிஸ்காரர்களே இதை மூடுபனி நகரம் என்று கேலி பேசுவார்கள். பேர்ண், பீல், சொலத்தூர்ன், ஓல்டன், ஆராவ், சூரிச் என்று எங்கள் மக்கள் செறிந்து வாழும் நகரங்கள் பலவும் இதே தாழ்நிலத்தில்தான் வரிசையாக இருக்கின்றன. நவம்பர் பிறந்தால் தெரிந்தவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “தொலைக்காட்சியில் வெயில் என்று சொல்கிறார்கள், இங்கே ஏன் பத்து நாளாக விடியவே இல்லை?” இலங்கையில் இருந்து அழைக்கும் உறவினர்களுக்கும் இது விளங்குவதில்லை. ஸ்னோ விழுந்த படத்தைப் பார்த்திருப்பார்கள். இந்தச் சாம்பல் நிறத்தை யாரும் படம் எடுத்து அனுப்புவதில்லை.

குளிர்கால முன்னறிவிப்பில் அடிக்கடி வரும் வசனம் இப்படி இருக்கும்: “தாழ்நிலத்தில் மூடுபனி, மேல் எல்லை 800 மீற்றர், அதற்கு மேலே வெயில், மிதமான வெப்பம்.” இந்த ஒரு வசனத்தை விளங்கிக்கொண்டால், எப்போது வெளியே போவது, யாரை வீட்டில் வைத்திருப்பது, எப்போது யன்னலைத் திறப்பது, எப்படி வாகனம் ஓட்டுவது என்ற முடிவுகள் பலவற்றை நாமே எடுக்கலாம்.

மூடி எப்படி உருவாகிறது

சாதாரணமாக 100 மீற்றர் மேலே ஏறினால் வெப்பநிலை அரைப் பாகைக்குச் சற்று அதிகமாகக் குறையும். மலையகம் குளிர்வதற்கும் யாழ்ப்பாணம் வேகுவதற்கும் இது ஒரு காரணம். கீழே சூடான காற்று, மேலே குளிர்ந்த காற்று. சூடான காற்று இலேசானது, ஆகவே மேலெழும். புகையும் நீராவியும் அதனோடு போய்விடும்.

முகில் இல்லாத நீண்ட குளிர்கால இரவில் இது தலைகீழாகிறது. நிலம் தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடுகிறது. நிலத்தைத் தொட்டிருக்கும் காற்று குளிர்ந்து பாரமாகிறது. பாரமான காற்று தண்ணீரைப் போலச் சரிவுகளில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் துகள் உறைபனி விழுவதை எங்கள் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அது சரிவைவிடப் பள்ளத்தில் உள்ள மரக்கறித் தோட்டத்தையும் தேயிலையையும்தான் முதலில் கருக்கும். காரணம் இதே தேங்கிய குளிர்தான்.

இதற்கு மேல் உயர் அமுக்கம் வந்தால் என்ன நடக்கும்? உயர் அமுக்கத்தில் மேலே இருக்கும் காற்று மெதுவாகக் கீழே இறங்கும். இறங்கும் காற்று நெருக்கப்பட்டுச் சூடாகும். இப்போது கீழே குளிர்ந்த பாரமான காற்று, மேலே சூடான இலேசான காற்று. எண்ணெய் தண்ணீரில் மிதப்பதுபோல இரண்டும் கலக்காமல் நிற்கும். மேலே உள்ள சூடான படை சட்டிக்கு மூடி போட்டதுபோல் ஆகிவிடுகிறது. வானிலையாளர்கள் இதை வெப்பநிலைத் தலைகீழாக்கம் என்கிறார்கள். நான் மூடி என்றே சொல்கிறேன்.

மூடியின் கீழே உள்ள ஈரம் சிறு துளிகளாக ஒடுங்குகிறது. பார்வைத் தூரம் 1,000 மீற்றருக்குக் குறைந்தால் அது மூடுபனி. ஊரில் புகார் என்போம். அதே படை நிலத்தைத் தொடாமல் சில நூறு மீற்றர் உயரத்தில் கூரைபோல் நின்றால் அது உயர் மூடுபனி. வீதி தெரியும், வானம் தெரியாது.

சுவிஸ் தாழ்நிலம் இதற்கென்றே அமைந்த தொட்டி. ஒரு பக்கம் ஜூரா மலைத்தொடர், மறுபக்கம் அல்ப்ஸ், ஒரு முனையில் ஜெனீவா ஏரி, மறுமுனையில் கொன்ஸ்டன்ஸ் ஏரி. ஆறுகளும் ஏரிகளும் ஈரத்தைக் கொடுக்கின்றன. மலைகள் காற்றைத் தடுக்கின்றன. மூடி இருக்கிறதா என்று பார்க்க உபகரணம் தேவையில்லை. காலையில் ஒரு புகைபோக்கியைப் பாருங்கள். புகை சற்று மேலே போய், ஏதோ கண்ணாடியில் முட்டியதுபோல் பக்கவாட்டில் படர்ந்தால் மூடி இருக்கிறது. விமானச் சத்தம் கேட்டு அடுப்பை அணைத்தவர்களுக்குப் புகையின் போக்கைக் கவனிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை.

உயரம்தான் விடை

முன்னறிவிப்பில் வரும் மேல் எல்லை என்ற எண், மூடியின் உயரம். அது காற்றைப் பொறுத்து மாறும். காற்று அடங்கியிருந்தால் எல்லை 700, 800 மீற்றரில் நிற்கும். வடகிழக்கிலிருந்து வரும் ‘பீசே’ என்ற குளிர்காற்று வீசினால் எல்லை உயரும். பலமாக வீசினால் 1,500 மீற்றருக்கு மேலும் போகும். ஆகவே “பீசே பலமாக வீசும்” என்று கேட்டால், தாழ்நிலம் முழுவதும் சாம்பல் நிறமாக இருக்கும், குளிரும் கடிக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

எல்லை 800 மீற்றர் என்றால், பேர்ணில் உள்ளவர்கள் 858 மீற்றர் உயரமான குர்ட்டனுக்கு ஏறினாலே வெயிலைக் காணும் வாய்ப்பு உண்டு. சூரிச்சில் ஊட்லிபெர்க் 870 மீற்றர். நகரத்திலிருந்து ரயிலே போகிறது. ஆனால் எல்லை 1,000 மீற்றர் என்றால் இரண்டும் மூடுபனிக்குள் இருக்கும். அப்போது சொலத்தூர்னுக்கு மேலே உள்ள வைசென்ஸ்டைன், ஏறக்குறைய 1,280 மீற்றர், பொருத்தம். எல்லை 1,400 என்றால் வைசென்ஸ்டைனும் போய்விடும். லுசேர்ன் பக்கம் 1,797 மீற்றர் உயரமான ரிகிக்குத்தான் போகவேண்டும். மேலே நின்று பார்த்தால் தாழ்நிலம் முழுவதும் வெண்கடல் மாதிரித் தெரியும். கீழே பூச்சியப் பாகை, மேலே 8, 10 பாகை என்பது அங்கே அதிசயம் இல்லை.

“மிதமான காற்று வருகிறது” என்ற அறிவிப்பும் இதேபோலத்தான். மேலே வரும் சூடான காற்று கீழே இறங்காவிட்டால் மூடி இன்னும் இறுகும். மலையில் இருப்பவருக்கு அது நல்ல செய்தி. பள்ளத்தாக்கில் இருப்பவருக்கு அது இன்னும் சில நாள் சாம்பல்.

அறிவிப்பு எவ்வளவு தூரம் பார்க்கும்

“இந்த முறை குளிர்காலம் எப்படி?” என்பது எல்லோரும் கேட்பது. மூன்று மாதக் கண்ணோட்டங்கள் வெளிவருகின்றன. அவை சொல்வது, வழமையைவிடச் சூடாக இருக்கும் சாத்தியம் எவ்வளவு, குளிராக இருக்கும் சாத்தியம் எவ்வளவு என்பதை மட்டுமே. உங்கள் நகரத்தில் எத்தனை நாள் மூடுபனி என்று எந்தக் கண்ணோட்டமும் சொல்லமுடியாது. அப்படிச் சொல்லும் காணொளிகளை நம்பவேண்டியதில்லை.

ஆனால் ஒரு தொடர்பு உண்டு. அத்திலாந்திக்கிலிருந்து மேல்காற்று தொடர்ந்து வீசும் குளிர்காலத்தில் மழையும் புயற்காற்றும் அதிகம், மூடி அடிக்கடி உடையும். உயர் அமுக்கம் ஐரோப்பாவின் மேல் வந்து வழிமறித்து நிற்கும் குளிர்காலத்தில் மூடி வாரக்கணக்கில் இருக்கும். ஒரு வாரம், பத்து நாள் முன்னறிவிப்பில் எந்த நிலை வருகிறது என்பது ஓரளவு தெரியும். மேல் எல்லை எவ்வளவு என்பதை ஓரிரு நாளைக்கு முன்னரே நம்பலாம். மூடுபனி எத்தனை மணிக்குக் கலையும் என்பது அடுத்த நாளைக்குக்கூடப் பிழைக்கும்; வானிலையாளர்களுக்கே அது தலையிடி.

மாதத்தையும் பார்க்கவேண்டும். டிசம்பர் 21ஆம் திகதி ஓல்டனில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 19 பாகை உயரத்தில்தான் நிற்கும். யாழ்ப்பாணத்தில் அதே நாள் 57 பாகை. பகற்பொழுது இங்கே எட்டரை மணித்தியாலம்கூட இல்லை, அங்கே பதினொன்றரை. இவ்வளவு சாய்ந்த வெயிலுக்கு மூடுபனியைக் கரைக்கும் பலம் கிடையாது. பெப்ரவரி பிற்பகுதியில் சூரியன் 30 பாகையைத் தாண்டும். அப்போது காலையில் மூடுபனி இருந்தாலும் பெரும்பாலும் மதியத்துக்குள் கலையும். ஆகவே கடினமான காலம் நவம்பர் முதல் ஜனவரி முடியும்வரை என்று வைத்துக்கொள்ளலாம்.

தேங்கிய காற்றில் என்ன சேர்கிறது

மூடுபனி வெறும் தண்ணீர். அதனால் மட்டும் நோய் வராது. சிக்கல், அதே மூடியின் கீழே நாங்கள் விடும் புகையும் அடைபடுவது. வாகனப் புகை, விறகு அடுப்புப் புகை, பண்ணைகளிலிருந்து வரும் அமோனியா எல்லாம் சேர்ந்து நுண் துணிக்கைகளாகின்றன. தலைமயிரின் தடிப்பில் பல மடங்கு சிறிய இவை நுரையீரலின் ஆழம்வரை போகும்.

இது எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு வரலாறு சாட்சி. 1930 டிசம்பரில் பெல்ஜியத்தின் மியூஸ் பள்ளத்தாக்கில் தொழிற்சாலைப் புகை மூடியின் கீழ் தேங்கி, சில நாட்களில் சுமார் 60 பேர் இறந்தார்கள். 1948 ஒக்ரோபரில் அமெரிக்காவின் டொனோரா என்ற சிறு பள்ளத்தாக்கு நகரில் 20 பேர். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை, இன்று எங்கள் மக்கள் ஆயிரக்கணக்கில் வாழும் லண்டனில், நிலக்கரிப் புகையும் மூடுபனியும் சேர்ந்து நின்றன. அப்போது கணக்கிடப்பட்ட மேலதிக மரணங்கள் சுமார் 4,000. பிற்கால ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. இறந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்களும், ஏற்கனவே நெஞ்சு நோய் உள்ளவர்களும், குழந்தைகளும். நான்கு வருடம் கழித்து, 1956இல் பிரித்தானியா தூய காற்றுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மூடி அதற்குப் பிறகும் வந்தது, இன்றும் வருகிறது. மூடியின் கீழே போன புகைதான் குறைந்தது.

சுவிஸில் 2006 ஜனவரி இறுதியிலும் பெப்ரவரி தொடக்கத்திலும் நீண்ட மூடி விழுந்தது. நுண் துணிக்கைகள் சட்ட எல்லையைப் பல மடங்கு தாண்டின. பல மாநிலங்கள் நெடுஞ்சாலை வேகத்தை மணிக்கு 80 கிலோமீற்றராகக் குறைத்தன. அதன்பின் டீசல் வாகனங்களுக்கு வடிகட்டி, விறகு அடுப்புகளுக்குக் கட்டுப்பாடு என்று நடவடிக்கைகள் வந்தன. இன்று நிலைமை வெகுவாகத் தேறியிருக்கிறது. 10 மைக்ரோமீற்றருக்குச் சிறிய துணிக்கைகளுக்கு நாளொன்றின் சட்ட எல்லை கன மீற்றருக்கு 50 மைக்ரோகிராம். வருடத்தில் மூன்று நாளுக்கு மேல் அதைத் தாண்டக்கூடாது. ஆனால் காற்றில் எல்லைக்குக் கீழே இருப்பதும் எல்லோருக்கும் ஒன்றல்ல. அல்ப்ஸின் தெற்கே, லுகானோ பக்கத்திலும், எங்கள் மக்கள் வாழும் இத்தாலியின் பொலோக்னா, ரெஜியோ எமிலியா நகரங்கள் இருக்கும் போ சமவெளியிலும் மூடி இன்னும் இறுக்கமானது, காற்றும் மோசமானது.

மூடியின் கீழே யார்

நாங்கள் இந்த இடங்களைத் தெரிவு செய்து வரவில்லை. அகதியாகப் பதிந்தவர்களை மாநிலங்களுக்குப் பங்கிட்டார்கள். வேலை கிடைத்த இடம் தொழிற்சாலையும் உணவகமும் முதியோர் இல்லமும் உள்ள தாழ்நிலம். வாடகை குறைவான வீடு ரயில் பாதை அருகிலும் நெடுஞ்சாலை அருகிலும் இருக்கிறது. வெயில் படும் சரிவுகளில் வாடகை அதிகம். இது எங்களுக்கு மட்டும் உரிய கதை அல்ல. ஆனால் எங்கள் முதியவர்களில் பலர் வேறு ஒன்றையும் சுமந்து வந்திருக்கிறார்கள். நெஞ்சில் காயம் பட்டவர்கள், உடலில் இன்னும் செல் துண்டு இருப்பவர்கள், பங்கருக்குள்ளும் முகாம்களிலும் சரியான மருந்தில்லாமல் சளியோடும் இழுப்போடும் காலம் கழித்தவர்கள். இவர்கள் “குளிருக்கு எல்லோருக்கும் வரும்தானே” என்று மூச்சு முட்டலைச் சொல்லாமல் விடுகிறார்கள்.

ஆகவே வீட்டில் ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் நோய், இருதய நோய் உள்ளவர் இருந்தால், உயர் அமுக்கம் ஐந்து நாளுக்கு மேல் நிற்கும் என்ற அறிவிப்பை நீங்கள் புயல் எச்சரிக்கை மாதிரி எடுக்கவேண்டும். இழுப்பு மருந்து போதிய அளவு இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய வீதியோரம் வேகமாக நடப்பதைத் தவிர்க்கச் சொல்லுங்கள். வழமையைவிட மூச்சு வாங்கினால், மூடி உடையட்டும் என்று காத்திருக்காமல் வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். நாளாந்தக் காற்றின் நிலையை ‘எயார்செக்’ என்ற சுவிஸ் செயலியில் பார்க்கலாம். நிறத்தால் காட்டும், மொழி தெரியாதவருக்கும் விளங்கும்.

யன்னலைத் திறப்பதா, மூடுவதா

வெளியே புகார் என்று எங்கள் வீடுகளில் நாள் முழுக்க யன்னலைச் சாத்தி வைக்கிறார்கள். உள்ளே பொரியலும் தாளிப்பும், கொடியில் காயும் உடுப்பும், வெள்ளிக்கிழமை சாம்பிராணியும். சுவரில் கறுப்புப் பூஞ்சணம் வருவது இதனால்தான். பிறகு வீட்டுக்காரரோடு வழக்கு.

“வெளியேதானே ஈரம், திறந்தால் ஈரம் உள்ளே வராதா?” என்று கேட்பார்கள். வராது. பூச்சியப் பாகையில் ஒரு கன மீற்றர் காற்றால் ஏறக்குறைய 5 கிராம் நீராவியைத்தான் வைத்திருக்க முடியும். 20 பாகையில் அதே அளவு காற்றுக்கு 17 கிராம் கொள்ளும். மூடுபனிக் காற்று வீட்டுக்குள் வந்து சூடானால், அதன் ஈரப்பதன் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே நாளுக்கு இரண்டு, மூன்று தரம், யன்னல்களை முழுதாகத் திறந்து ஐந்து பத்து நிமிடம் விட்டு மூடுங்கள். நாள் முழுக்கச் சரித்து வைப்பது சுவரைக் குளிர்வித்துப் பூஞ்சணத்தைத்தான் வளர்க்கும். வீதிப் போக்குவரத்து நெருக்கமான காலை, மாலை நேரத்தைத் தவிர்த்துத் திறப்பது நல்லது.

வாகனம் ஓட்டுவோருக்கு

பெரும்பாலான வாகனங்களில் விளக்கு தானாக எரியும். ஆனால் பகல் மூடுபனி வெள்ளையாக இருப்பதால் வாகனத்தின் உணரி அதை வெளிச்சம் என்று எண்ணிக்கொள்ளும். முன்னே சிறு விளக்கு எரியும், பின்னே ஒன்றும் எரியாது. ஆகவே கையால் விளக்கைப் போடுங்கள். பின் மூடுபனி விளக்கை, பார்வைத் தூரம் 50 மீற்றருக்குக் குறையும்போது மட்டும் போடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் வருபவரின் கண்ணைக் கூசும். பூச்சியத்துக்குக் கீழே மூடுபனி என்றால் பாலங்களில் கண்ணுக்குத் தெரியாத ஐஸ் படிந்திருக்கும். அதிகாலை நாலரை, ஐந்து மணிக்குத் துப்புரவு வேலைக்கும் வெதுப்பகத்துக்கும் போகும் எங்கள் ஆட்கள் அதிகம் என்பதால் இதைச் சொல்கிறேன்.

வெளிச்சமும் மனமும்

கார்த்திகை எங்களுக்கு ஏற்கனவே கனமான மாதம். நினைவுகள் வரும். அதே மாதத்தில்தான் மூடியும் விழுகிறது. ஒருவர் காலையில் எழும்ப மறுக்கிறார், திரைச்சீலையை விலக்க விடுகிறாரில்லை, யாரோடும் கதைக்கிறாரில்லை என்றால், குடும்பத்தவர் அதைப் போரின் நினைவு என்றோ வயது என்றோ முடித்துவிடுகிறார்கள். இரண்டும் இருக்கலாம். ஆனால் வெளிச்சக் குறைவும் மனச்சோர்வைக் கொண்டுவரும், இருக்கும் சோர்வைக் கூட்டும் என்பது மருத்துவம் ஏற்ற உண்மை. அதற்கு வழியும் உண்டு. 10,000 லக்ஸ் விளக்கின் முன் காலையில் அரை மணித்தியாலம் இருப்பது ஒரு சிகிச்சை முறை. கண் நோய் உள்ளவர்களும் மனநோய் மருந்து எடுப்பவர்களும் வைத்தியரைக் கேட்டே தொடங்கவேண்டும். விளக்கு வாங்க முடியாவிட்டாலும், மூடுபனிக்குக் கீழே உள்ள பகல் வெளிச்சம்கூட வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு அதிகம். மதியத்தில் ஒரு நடை போதும். மேல் எல்லை 800 என்று வரும் ஞாயிற்றுக்கிழமையில் அப்பாவையோ அம்மாவையோ ரயிலில் ஏற்றி மேலே கொண்டுபோனால் அது மருந்துக்குச் சமம்.

ஊரில் இருப்பவர்களுக்கும் தேங்கிய காற்று அந்நியமில்லை. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வங்காள விரிகுடாவில் இருந்தபோது, இந்தியாவின் மாசுபட்ட காற்று இலங்கையின் மேல் இழுத்து வரப்பட்டது. யாழ்ப்பாணம் முதல் கொழும்புவரை வானம் புழுதி நிறமானது; 9ஆம் திகதி பாடசாலைகள் மூடப்பட்டன. அதே நாட்களில் வன்னியிலும் கிழக்கிலும் குளிர்காற்றில் மாடுகள் கூட்டமாக இறந்தன. இமயத்தின் தெற்கே, கங்கைச் சமவெளியில் ஒவ்வொரு குளிர்காலமும் விழும் மூடியின் கீழ் தேங்கிய புகை, எங்கள் முற்றம்வரை வரமுடியும் என்பதை அந்த நாட்கள் காட்டின.

மூடியை யாராலும் தூக்கமுடியாது. மேல்காற்றோ, தெற்கிலிருந்து மலையைத் தாண்டி வரும் சூடான ‘ஃபோன்’ காற்றோ, பெப்ரவரி வெயிலோ வந்து அதை உடைக்கவேண்டும். ஆனால் அதன் கீழே எதைப் போடுகிறோம் என்பது எங்கள் கையில். தோட்ட வீட்டில் அடுப்பு வைத்திருப்பவர்கள் பழைய தளபாடம், வர்ணம் பூசிய பலகை, பெட்டிகளை எரிக்கவேண்டாம்; சுவிஸ் சட்டமும் அதைத் தடை செய்கிறது. எரிப்பதானால் நன்கு காய்ந்த விறகை எரியுங்கள், மூடி இறுகிய நாட்களில் அதையும் தள்ளிப்போடுங்கள். அந்தப் புகை மேலே போகாது. பக்கத்து மாடியில் இரவு முழுக்க இருமும் யாரோ ஒருவரின் யன்னலுக்குத்தான் போகும்.